திங்கட்கிழமை மூக்கு

பாட்டிலை வாங்கு, மூடியைத் திற, மூக்குப் பக்கம் கொண்டு போ, மனதுக்குள் ஒன்று இரண்டு எண்ணு, மூடு, கொடு, "போங்க". அவ்வளவுதான் வேலை. ஒன்பதரைக்கு ஆரம்பித்தால் ஒன்றரை வரை, திங்கட்கிழமை தவறாமல், கலெக்டர் ஆபீஸ் வாசலில் எனக்கு ஒரு மேஜை, ஒரு நாற்காலி. நாற்காலிக்கு மூன்று கால்தான் ஒழுங்கு. வேப்பமரத்து நிழல் பதினோரு மணிக்கு என்னைக் கைவிட்டுவிட்டு சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போய்விடும். மனு கொடுக்க வருகிறவர்களில் யாராவது தண்ணீர் பாட்டிலில் மண்ணெண்ணெய் கொண்டு வந்து, உள்ளே போய் மேலே ஊற்றிக்கொண்டுவிடக் கூடாது, அதற்காக மோந்து பார்க்க ஓர் ஆள். பை சோதனை ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. பாட்டில் மட்டும் எல்லாருடையதும் என் மேஜைக்கு வந்தாக வேண்டும், ஏனென்றால் இந்த மாவட்டத்துப் போலீசிலேயே நல்ல மூக்கு கோகிலவாணியின் மூக்கு என்று பெயர். அந்த மூக்கு செத்து மூன்று வருஷம் ஆகிறது. அது எனக்கும் என் மகள் தர்ஷினிக்கும் மட்டும்தான் தெரியும். வீட்டுக்காரர் வடக்கே லாரி ஓட்டுகிறார், மாதத்துக்கு இரண்டு நாள் வீட்டுக்கு வருகிற மனுஷனிடம் மூக்கைப் பற்றி என்ன பேசுவது. ஒன்று, இரண்டு, போங்க. இவர் பச்சைத் துண்டு, பட்டா மனுவாக இருக்கும். ஒன்று, இரண்டு. இந்த அம்மா விதவைப் பென்ஷன், முகத்திலேயே எழுதியிருக்கிறது. போங்கம்மா, போங்க.

அந்தப் பெயர் வந்த கதை ஒன்றும் பெரிய கதை இல்லை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் இதே கேட்டில் ஒரு பெண் ஊறுகாய் பாட்டிலோடு வந்தாள். கட்டுச்சோறு, ஊறுகாய், எல்லாம் சரியாகத்தான் இருந்தது. எனக்கு மட்டும் எங்கேயோ இடறியது. மூடியைத் திறக்காமலேயே "இதுல என்னக்கா இருக்கு?" என்றேன். அவள் உட்கார்ந்து அழுதுவிட்டாள். மேலே ரெண்டு துண்டு மாங்காய், கீழே முழுக்க மண்ணெண்ணெய். எஸ்.பி. கையால் எனக்குச் சான்றிதழ், பேப்பரில் படம், ஸ்டேஷனில் "மோப்பக் கோகிலா" என்று கேலி. கேலி என்றாலும் உள்ளுக்குள் கொஞ்சம் இனிக்கத்தான் செய்தது, இல்லை என்று சொன்னால் பொய். அந்தப் பெண்ணின் மேல் கேஸ் போட்டோம். அவள் வீட்டுக்குப் போகிற பாதையை யாரோ அடைத்துவிட்டார்கள் என்று மனு. பாதை திறந்ததா என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது. போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்து, "உங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சுது?" என்று மட்டும் கேட்டாள். கோபமே இல்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது. அப்புறம் அந்தக் காய்ச்சல் வந்தது, ஊருக்கே வந்தது, எல்லாருக்கும் வாசனை போனது, எல்லாருக்கும் பத்து நாளில், ஒரு மாதத்தில் திரும்பி வந்தது, எனக்கு வரவில்லை. பெரியாஸ்பத்திரி டாக்டர், "வரும்மா, நரம்புதானே, மெதுவாத்தான் வரும், தினமும் எலுமிச்சை, கிராம்பு மோந்து பாருங்க" என்றார். மூன்று வருஷமாகக் காலையில் பல் தேய்த்ததும் கிராம்பு டப்பாவைத் திறந்து மூக்கில் வைக்கிறேன். கிராம்பு என்று பெயர் ஞாபகம் இருக்கிறது. வாசனை இல்லை. இன்று காலையும் இல்லை.

சொல்லிவிடலாம். எத்தனையோ தடவை சொல்ல வாயைத் திறந்திருக்கிறேன். அய்யா, எனக்கு மூக்கு வேலை செய்யாதுங்கய்யா. இவ்வளவு சின்ன வாக்கியம். ஆனால் மூன்று வருஷம் கழித்துச் சொன்னால் முதல் கேள்வி, "அப்ப இத்தனை திங்கக்கிழமையும் என்னத்தம்மா மோந்துட்டு இருந்தே?" அதற்கு என்ன பதில்? பக்கத்து மாவட்டத்தில் ஒருத்தன் இப்படி மண்ணெண்ணெயோடு உள்ளே போய்விட்டான், கேட்டில் நின்ற காவலரை அன்றைக்கே சஸ்பெண்ட் செய்தார்கள். முதல் வாரம் சொல்லியிருக்க வேண்டும். முதல் வாரம், அடுத்த வாரம் வந்துவிடும் என்று நினைத்தேன். அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் என்று நினைத்தேன். அப்படியே போய்விட்டது. அதனால் எனக்கென்று ஒரு வழி வைத்திருக்கிறேன். மூடியைத் திறக்கும்போது ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு சொட்டு பட்டுவிட வேண்டும், யாரும் பார்க்கக் கூடாது. பாட்டிலை மூக்கில் வைத்திருக்கும்போதே கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்க்க வேண்டும். தண்ணீர் என்றால் விரல் விரலைப் பிடிக்கும். மண்ணெண்ணெய் என்றால் வழுக்கும். அதற்குத்தான் அந்த ஒன்று, இரண்டு. வழுக்குகிற மாதிரி லேசாகச் சந்தேகம் வந்தால்கூட இன்ஸ்பெக்டரைக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் அவர் மோந்து பார்ப்பார், வெறும் தண்ணீராக இருந்தால் என் குட்டு வெளிப்பட்டுவிடும். பேசாமல் பின்னால் திரும்பி, மதில் ஓரமாகக் கொட்டிவிடுவேன். "உள்ள குழாய் இருக்கு, புடிச்சுக்கோங்க." தண்ணீருக்காக யார் போலீசோடு சண்டை போடப் போகிறார்கள்? முறைப்பார்கள், போய்விடுவார்கள். இந்த மூன்று வருஷத்தில் நான் கொட்டிய தண்ணீரில் மதில் ஓரம் புல் நன்றாக வளர்ந்திருக்கிறது. அந்தப் புல்லில் ஒரு செவலை நாய் திங்கட்கிழமை தோறும் படுத்துக் கிடக்கும். இப்போதும் கிடக்கிறது.

அந்த ஊதாச் சட்டைக்காரன். பத்தரை இருக்கும், கூட்டம் ஒரேயடியாக முண்டியது, குடிதண்ணீர் வரவில்லை என்று ஒரு வார்டே காலிக் குடங்களோடு வந்துவிட்டது. குடத்தையெல்லாம் மோந்து பார்க்கணுமா என்று ஒரு கிழவர் கிண்டல் செய்தார், எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், அந்தச் சிரிப்பில் ஊதாச் சட்டைக்காரன் பாட்டிலை நீட்டினான், நான் வாங்கினேன், திறந்தேன், மூக்கில் வைத்தேன், கொடுத்தேன். விரலில் சொட்டு படவில்லை. அவன் நாலு எட்டு போன பிறகுதான் விரல் காய்ந்திருப்பது தெரிந்தது. கூப்பிட்டிருக்கலாம். ஏங்க, ஊதாச் சட்டை, இங்க வாங்க. கூப்பிடவில்லை. ஏன் கூப்பிடுகிறேன் என்று கேட்பான், எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், இன்ஸ்பெக்டர் வருவார். முகத்தை ஞாபகப்படுத்திப் பார்க்கிறேன். ஷேவ் செய்யாத முகம். ஆனால் ஷேவ் செய்யாத முகம் இங்கே எத்தனை. பையில்லை, மனு ஒன்றுதான், நாலாக மடித்துச் சட்டைப் பாக்கெட்டில். மனுவை மடிக்கிறவன் ஆபத்தில்லை என்று ஏட்டம்மா ஸ்டெல்லா சொல்வாள். ஸ்டெல்லா பெண்கள் பை சோதிக்கிறாள், எனக்கு நாலடி தள்ளி, இருபத்திரண்டு வருஷ சர்வீஸ், அவள் சொன்னால் சரியாக இருக்கும். ஆனால் ஸ்டெல்லாவுக்கு என்ன தெரியும். பாட்டில் கலங்கலாக இருந்ததா, தெளிவாக இருந்ததா? தெளிவு. மண்ணெண்ணெயும் சில நேரம் தெளிவுதான், முன்பு ரேஷனில் நீலமாகக் கொடுப்பார்கள், இப்போது எவன் ரேஷனில் வாங்குகிறான். ஒன்று, இரண்டு, போங்க. உள்ளே ஏதாவது சத்தம் கேட்கிறதா? மைக் சத்தம்தான், டோக்கன் நம்பர் கூப்பிடுகிறார்கள். டோக்கன் நம்பர் கூப்பிடுகிறவரை ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தம். அறுபத்து மூன்று. அறுபத்து நாலு. கூப்பிடு, கூப்பிட்டுக்கொண்டே இரு.

காலிக் குடங்கள். எங்கள் போலீஸ் குடியிருப்பிலும் நாலு நாளைக்கு ஒரு முறைதான் தண்ணீர். தண்ணீரைக்கூடச் சமாளித்துவிடலாம், பின்னால் இருக்கிற குப்பைக் கிடங்குதான் எல்லாருக்கும் பிரச்சினை, மழை பெய்துவிட்டால் ஜன்னல் திறக்க முடியவில்லை என்று சொல்கிறார்கள். எனக்கு முடிகிறது. எங்கள் வீட்டு ஜன்னல் மட்டும்தான் அந்த வரிசையில் திறந்திருக்கும். போன மாதம் எல்லாரும் சேர்ந்து மனு எழுதினார்கள், நாற்றம் தாங்க முடியவில்லை, குழந்தைகளுக்கு மூச்சுத்திணறல் என்று. கையெழுத்து வாங்க வந்த பக்கத்து வீட்டு எஸ்.ஐ. சம்சாரம் என் ஜன்னலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "உங்களால எப்படிங்க முடியுது?" நான் கையெழுத்துப் போட்டேன். தாங்க முடியாத நாற்றத்துக்கு எதிராக நானும் போட்டேன் ஒரு கையெழுத்து. தர்ஷினி மட்டும் மூக்கில் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதுவாள். பால் கெட்டிருக்கிறதா, சாம்பார் நேற்றையதா, எதுவானாலும் அவளைக் கூப்பிட்டால் ஓடி வந்து மோந்துவிட்டுச் சொல்லிவிட்டுப் போவாள், பதினோரு வயசு. ஒரு நாள் டியூட்டி முடிந்து வந்து சட்டையைக்கூட மாற்றாமல் டீ போடப் போனேன், தீப்பெட்டியை எடுத்தேன், அவள் வாசலிலிருந்தே "அம்மா வேண்டாம்!" என்று கத்தினாள். கேஸ் மதியத்திலிருந்து கசிந்திருக்கிறது. வீடு முழுக்க நிறைந்திருக்கிறது. நான் அதன் நடுவில் நின்று குச்சியை எடுத்திருக்கிறேன். அன்று ராத்திரி அவள் தூங்கவில்லை. "நான் ஸ்கூல் டூருக்குப் போனா நீ என்னம்மா பண்ணுவே?" போகவில்லை, டூருக்குப் போகவே இல்லை, வயிற்று வலி என்று சொல்லிவிட்டாள். அதை நினைத்தால் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது. என் வீட்டைக் காப்பாற்ற ஒரு குழந்தை, இந்தக் கலெக்டர் ஆபீஸைக் காப்பாற்ற நான். எண்பத்தொன்று, எண்பத்திரண்டு. ஊதாச் சட்டை என்ன நம்பரோ.

"கோகிலா, இதக் கொஞ்சம் பாரு." ஸ்டெல்லா ஒரு பாட்டிலை நீட்டுகிறாள். ஒரு பெண்ணின் ஒயர்கூடைக்குள் பழைய வேட்டித் துணியில் சுற்றிக் கட்டி வைத்திருந்ததாம். கூடைக்காரி ஸ்டெல்லாவுக்கு முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள், நாற்பது வயது இருக்கும், காதில் சின்னத் தோடு, தலையில் பவளமல்லி. துணியில் சுற்றி வைத்த பாட்டில் என்றதுமே எனக்கு ஊறுகாய் பாட்டில் ஞாபகம் வந்துவிட்டது. குளிர்பான பாட்டில், லேபிள் உரித்தது, உள்ளே லேசாக வெளுத்த டீ நிறம். மூடியை அவ்வளவு இறுக்கமாகத் திருகியிருக்கிறாள், திறக்கவே வரவில்லை, பல்லைக் கடித்துத் திறந்தேன், விரலில் சொட்டு பட்டது, மூக்கில் வைத்தேன். ஒன்று. தேய்த்தேன். வழுக்குகிறது. இரண்டு. நன்றாகவே வழுக்குகிறது, விரல் விரலை விட்டு நழுவுகிறது, சந்தேகமே இல்லை. மூன்று வருஷத்தில் முதல் தடவை. இன்ஸ்பெக்டரைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் சான்றிதழ். கூப்பிட்டால் இவள் மேல் கேஸ். தலையில் பூ வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். அதே நேரம் உள்ளே மைக் நின்றுவிட்டது. எண்பத்தாறுக்குப் பிறகு எண்பத்தேழு வரவில்லை. ஊதாச் சட்டை, ஊதாச் சட்டை, கடவுளே, ஊதாச் சட்டை. மைக் திரும்ப வருகிறதா என்று காதை அங்கே வைத்துக்கொண்டு, கை தன் போக்கில் பழக்கப்பட்ட வேலையைச் செய்துவிட்டது. பின்னால் திரும்பி மதில் ஓரமாகக் கவிழ்த்தேன். குடகுடவென்று முழுசும் போய்விட்டது. "அம்மிணி, அது..." என்று அவள் குரல் கேட்டது. "உள்ள குழாய் இருக்கு, புடிச்சுக்கோங்க" என்றேன். "எண்பத்தேழு" என்றது மைக். அப்போதுதான் செவலை நாய் எழுந்தது. புல்லை ஒரு தடவை மோந்தது, தும்மியது, தலையை உதறியது, இன்னொரு தடவை தும்மியது. மூன்று வருஷமாகப் படுக்கிற இடத்தை விட்டு எழுந்து சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விட்டது. ஸ்டெல்லா காக்கி உடுப்பில் முந்தானை இல்லாததால் கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஐயய்யோ, என்ன கருமம்டி இது! செத்த எலியும் ஆசிட்டும் சேர்ந்த மாதிரி. எப்படிடி மூக்குல வெச்சே?" என்றாள். மண்ணெண்ணெய் என்று அவள் சொல்லவில்லை.

கூடைக்காரி பக்கத்தில் வந்து நின்றாள். கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை, ஈரமான புல்லையே பார்த்தாள். "ஊத்திப் போட்டீங்களா? அது எங்கூரு தண்ணிங் அம்மிணி. கெணத்துத் தண்ணி. கலெக்டர் அய்யாகிட்ட காட்டறதுக்குன்னு கொண்டாந்தது." பெயர் சாந்தாமணி என்றாள், புங்கவலசு என்றாள், முதல் பஸ்ஸுக்கு ஆறு பேர் வந்திருக்கிறார்களாம். ஊருக்கு மேற்கே சாயப்பட்டறைகள். வெயில் நாளில் கிணறு சுமாராக இருக்கும், ஆபீசர்கள் வந்து எடுத்துப் பார்ப்பதும் வெயில் நாளில்தான், தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போவார்கள். மழை வந்தால் மழையோடு மழையாகக் கழிவைத் திறந்துவிடுவார்கள், இரண்டு நாள் கிணறு இந்த நிறத்துக்கு வரும், அப்புறம் வடிந்துவிடும். "சனிக்கெழம ராத்திரி மழைங்க. நேத்து வெடியால மொண்டு வெச்சோம். நடுவாரத்துல மழ பேஞ்சா எங்களுக்கு ஆகாது, திங்கக்கெழம வரைக்கும் தண்ணி தெளிஞ்சு போயிரும், பாட்டல்ல மொண்டு வெச்சாலும் நாத்தம் போயிரும். சனிக்கெழம ராத்திரி பேஞ்சு, ஞாயித்துக்கெழம மொண்டு, திங்கக்கெழம இங்க வரோணும். இந்த வருசம் இன்னிக்குத்தானுங்க அப்படி அமைஞ்சுது." நான் என்ன சொன்னேன்? மனுவை உள்ளே கொடுங்கள், மனு இருக்கிறதே என்றேன். "காயிதம் ஏழு வருசமாக் குடுக்கறமுங்" என்றாள். காலிப் பாட்டிலைக் கையில் வாங்கி, மூடியைத் திருகி, அதே துணியில் சுற்றி, அதே மாதிரி முடிச்சுப் போட்டுக் கூடையில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். காலிப் பாட்டிலுக்கு எதற்கு அத்தனை இறுக்கமான முடிச்சு.

ஒன்று, இரண்டு, போங்க. விரல் இன்னும் வழுக்குகிறது. சட்டையில் துடைத்தேன், கர்சீப்பில் துடைத்தேன், மேஜை விளிம்பில் தேய்த்தேன், சோப்பு போட்டுவிட்டு அலசாத கை மாதிரி வழுக்கிக்கொண்டே இருக்கிறது. இந்த விரலோடு இனிமேல் எந்தப் பாட்டிலைத் தொட்டாலும் வழுக்கத்தான் செய்யும். என் மூக்குப் போய் விரல் இருந்தது, இப்போது விரலும் போச்சு. சிரிப்பு வருகிறது, அழுகையும் வருகிறது, இரண்டுக்கும் இங்கே இடமில்லை. அந்தத் தண்ணீரில்தான் அவர்கள் குளிப்பார்களோ? பாத்திரம் கழுவுவார்களோ? கேட்கவில்லை. நல்ல மூக்கு இருந்திருந்தால் திறந்த உடனே தெரிந்திருக்கும், இது மண்ணெண்ணெய் இல்லை, வேறு ஏதோ நாறுகிறது என்று. "என்னங்க இது?" என்று கேட்டிருப்பேன், அவள் சொல்லியிருப்பாள், பாட்டில் உள்ளே போயிருக்கும், கலெக்டரின் மேஜையில் யாராவது மூடியைத் திறந்திருப்பார்கள், அந்த ஏசி ஹாலில் அத்தனை ஆபீசர்களும் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்திருப்பார்கள், இந்தச் செவலை நாய் எழுந்த மாதிரி. ஏழு வருஷத்துக் காகிதம் செய்யாததை ஒரு மூடி செய்திருக்கும். செய்திருக்குமா? ஜன்னலைத் திறந்துவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டிருக்கவும் கூடும். ஆனால் கூடும் என்று சொல்ல நான் யார், அதைப் பார்க்கவிடாமல் கொட்டியவள் நான். இன்ஸ்பெக்டரிடம் போய் இப்போதே சொல்லலாம். அய்யா, ஒரு தப்பு நடந்துபோச்சுங்கய்யா. அவர் மோர் குடித்துக்கொண்டு ஜீப்புக்குப் பக்கத்தில் நிற்கிறார். பத்து எட்டுத்தான். மோர் குடித்து முடிக்கட்டும் என்று பார்த்தேன். முடித்தார். போன் வந்தது, பேசினார். பேசி முடிக்கட்டும் என்று பார்த்தேன். ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஒரு மணிக்கு ஊதாச் சட்டைக்காரன் வெளியே வந்தான். கேட்டைத் தாண்டியதும் நின்று, பாட்டிலைத் திறந்து, தலையை அண்ணாந்து கடகடவென்று குடித்தான். மிச்சத்தை முகத்தில் அடித்துக் கழுவினான். தண்ணீர். வெறும் தண்ணீர். காலை முழுக்க என் உயிரை எடுத்தது இந்தத் தண்ணீர். இதற்குப் பயந்துதான் அதைக் கொட்டினேன். எனக்கு அவன் மேல் கோபம் கோபமாக வந்தது, பாவம், அவன் என்ன செய்வான். போகிற போக்கில் என் முகத்தைப் பார்த்து, "சாப்டீங்களா மேடம்?" என்றான். தலையாட்டினேன்.

சாந்தாமணி ஒன்றே காலுக்கு வந்தாள். கூட வந்தவர்கள் புளியமரத்தடி டீக்கடைக்குப் போய்விட்டார்கள் போல, இவள் மட்டும் என் மேஜைக்கு வந்து நின்றாள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று எழுந்து நின்றேன். அவள் போனை நீட்டினாள். "மெசேஜ் வந்துருக்குதுங்க, என்னன்னு பாத்துச் சொல்லுங்க." உங்கள் மனு ஏற்கப்பட்டது என்று ஒரு நம்பரோடு இருந்தது. படித்துச் சொன்னேன். "தண்ணி எங்கன்னு கலெக்டர் அய்யா கேட்டாருங்க. கேட்டுல கொட்டிட்டாங்கன்னு சொன்னமுங்க. சிரிச்சாரு. அடுத்த தடவ கொண்டாங்கன்னாரு." எனக்குக் காது சூடானது. யார் கொட்டினது என்று கேட்டாரா? கேட்டிருக்க மாட்டார். அதைத்தான் முதலில் நினைத்தேன், அதுதான் முதலில் வந்தது மனதில், வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில்தானோ என்னவோ, மூன்று வருஷமாகத் தொண்டையில் நின்ற வாக்கியம் இவளிடம் போய் விழுந்தது. "எனக்கு மூக்கு தெரியாதுங்க." அவளுக்குப் புரியவில்லை. "வாசனை தெரியாதுங்க. எதுவுமே தெரியாது. காய்ச்சல்ல போனது. தொட்டுத்தான் பார்ப்பேன். உங்க தண்ணி வழுக்குச்சு, மண்ணெண்ணெய்னு நினைச்சுட்டேன்." சொல்லிவிட்டு ஸ்டெல்லா பக்கம் பார்த்தேன், அவள் சாப்பாட்டுப் பையைத் தேடிக்கொண்டிருந்தாள், காதில் விழவில்லை. சாந்தாமணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டப் போகிறாள். திட்டட்டும். திட்டினால் நன்றாக இருக்கும்.

"எங்களுக்கும் தெரியறதில்லீங் அம்மிணி" என்றாள். "அதையே மோந்து மோந்து ஊருக்கே பழகிப்போச்சுங்க. கட்டிக்குடுத்த புள்ளைங்க நோம்பிக்கு வந்தா வாசல்லயே மூக்கப் பொத்திக்குவாங்க, அப்பத்தான் ஓகோ, நாறுதாட்ட இருக்குதுன்னு நெனச்சுக்குவோம். போன மாசம் எம்மவ வரவே மாட்டேன்னுட்டா, வயித்துல புள்ள இருக்குது. எங்க மூக்க நம்பிப் பிரயோசனமில்ல, டவுன்ல இருக்கறவங்க யாராச்சும் மோந்து பாத்து, நாறுதா இல்லியான்னு ஒரு வார்த்த சொல்லட்டும்னுதான் கொண்டாந்தோம்." துணிமுடிச்சை அவிழ்த்தாள், காலிப் பாட்டிலை எடுத்தாள், அடியில் ஒரு துளி ஒட்டியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், திரும்ப வைத்தாள். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று, "அடுத்த மழைக்குக் கொண்டாங்க, நானே உள்ள கூட்டிட்டுப் போறேன்" என்றேன். "அடுத்த மழ எப்பங்க?" என்றாள். கார்த்திகை முடியப் போகிறது. கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு இரண்டடி போனவள் நின்று, திரும்பி, கோபமே இல்லாமல், தெரிந்துகொள்ளத்தான் கேட்கிற மாதிரி கேட்டாள்: "மூக்குத் தெரியாதவங்களையா அம்மிணி இங்க உக்கார வெச்சிருக்காங்க?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் என் முகத்துக்கு நேரே ஒரு பாட்டில் வந்துவிட்டது. கடைசி ஆள், மூச்சு வாங்குகிறது, பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்திருப்பார் போல. "மேடம், இன்னும் மனு வாங்கறாங்களா, சீக்கிரம் பாருங்க மேடம்." வாங்கினேன். மூடியைத் திறந்தேன். விரலில் சொட்டு பட்டது, தேய்த்தேன், வழுக்கியது, இந்தத் தண்ணீரா, அந்தத் தண்ணீரா என்று தெரியவில்லை. சாந்தாமணி அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்குப் பக்கம் கொண்டு போனேன். ஒன்று. இரண்டு.

"போங்க" என்றேன்.